பதினோரு நிறத்து எமன்

சத்தியம், தம்பி. நான் சொல்லப் போகிறதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் இந்த சமோசா என் தொண்டையை விட்டு இறங்காமல் போகட்டும். கற்பூரம் ஏற்றி, அதை அடித்து அணைத்தே சத்தியம் செய்வேன். ஆனால் இந்த ஏசி ஹாலில் கற்பூரம் ஏற்றினால் மேலே தெரிகிறதே அந்தக் குழாய், அது தண்ணீரைக் கொட்டிவிடும். படங்களெல்லாம் நனைந்துவிடும். அதனால் வெறும் வாயால் சத்தியம். சத்தியம், சத்தியம், சத்தியம்! சத்தமாகச் சொல்லிவிட்டேனோ? பச்சைப் புடவை அம்மாள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். சத்தியத்தைச் சத்தமாகச் சொல்லலாம். மீதியைத்தான் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், எனக்கு இடது கைப் பக்கம். என் முழங்காலுக்கு நடுவில் இந்த நீளமான அட்டைக் குழாய் நிற்கிறது பாருங்கள், இதற்கு வலது பக்கம் யாரும் உட்காரக் கூடாது. உள்ளே சுருட்டி வைத்திருக்கிறேன். சுருட்டி வைத்தால் எது இடது, எது வலது என்று எனக்கே நிச்சயமில்லை. இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்போமே.

என் பேரா? பேர் வேண்டாம் தம்பி. உள்ளே இருக்கிறவருக்குக் காது கேட்கும்.

நீங்கள் அந்த மூலைச் சுவரில் இருக்கிற சிவன் படத்துக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். ஒரு தடவை நின்றால் அது ரசனை. காபி குடிக்கப் போய்விட்டுத் திரும்ப வந்து நின்றால் அது வாங்குகிற எண்ணம். இன்னும் சற்று நேரத்தில் ஏலம் ஆரம்பிக்கும். அந்தப் படம் வரும்போது நீங்கள் கையைத் தூக்கக் கூடாது. அதைக் கேட்கத்தான் எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் படம் இன்றைக்கு என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் நான் போய்விடுவேன். வீட்டுக்குப் போவதைச் சொல்லவில்லை. மேலே போவதைச் சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள். படத்தை நன்றாகப் பார்த்தீர்களா? சிவன் காலைத் தூக்கி நிற்கிறார். கீழே மார்க்கண்டேயன், பதினாறு வயசுப் பிள்ளை, இரண்டு கையாலும் லிங்கத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறான். இடது ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் கயிறு வந்து அவன் கழுத்தில் விழுகிறது. பார்த்தீர்கள் அல்லவா? அந்தக் கயிறு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? சிவன் யாரை உதைக்கக் காலைத் தூக்குகிறார் என்று யோசித்தீர்களா? எதிரே ஆளே இல்லையே!

ஆள் இங்கே இருக்கிறார். இந்தக் குழாய்க்குள்.

பயப்படாதீர்கள், மூடி இறுக்கமாக இருக்கிறது.

பொற்கொடி என்று ஒரு பெண். நீலாங்கரையில் பழைய கார் ஷெட் ஒன்றில் ஸ்க்ரீன் பிரிண்ட் போடுகிறவள். ஸ்க்ரீன் பிரிண்ட் தெரியும் அல்லவா? கல்யாணப் பத்திரிகையும் தாம்பூலப் பையும் அடிப்பார்களே, அதே வேலைதான். சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. ஒரு நிறத்துக்கு ஒரு வலை. பத்து நிறம் என்றால் ஒரே தாள் பத்துத் தடவை படுத்து எழுந்திருக்க வேண்டும், மயிரிழை நகரக் கூடாது. என் வீட்டுக்காரி செங்கமலம் முதல் நாளே கேட்டாள்: "மஞ்சப் பையில 'நல்வரவு'ன்னு அடிக்கிறானே, அந்த மாதிரி அடிச்சதையா கண்ணாடி போட்டு மாட்டப் போறீங்க?" அவளுக்கு ரசனை கிடையாது. ஆனால் வாய் உண்டு.

இந்தப் பொற்கொடி ஒரு பழைய கோயிலில், விதானத்தில் மங்கிப் போயிருந்த ஓவியத்தைப் பார்த்து அதைப் புதுசாக இரண்டு தாளில் வரைந்தாள். இடது தாளில் எமன். வலது தாளில் சிவனும் பையனும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கயிறு ஒரே கோடாகப் போகும். மொத்தம் ஒன்பது ஜோடிதான் அடித்தாள். கீழே பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு வலையையெல்லாம் கழுவிவிட்டாள். பத்தாவது கிடையாது. அதில்தானே மவுசு! உலகத்தில் ஒன்பது பேர், அதில் நான் ஒருத்தன் என்று நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். உங்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, உங்கள் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் தனியாக வாங்கவில்லை. தெய்வசிகாமணி என்று என் சினேகிதன், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவன், அவனும் நானும் சேர்ந்து வாங்கினோம். ஆறு மாதம் அவன் வீடு, ஆறு மாதம் என் வீடு. வயசான அம்மா அப்பாவை மகன்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்களே, அப்படி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் 'என் படம் எப்படி இருக்கு' என்று கேட்டிருக்கிறான். பக்கத்திலேயே நான் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்! என் படமா? கேசரித் தட்டைத் தள்ளி வைத்தேன். சண்டை. பெரிய சண்டை. கடைசியில் பிரித்துக்கொள்வோம் என்றாகிவிட்டது.

பாகப் பிரிவினைக்கு நம்மில் ஒரு முறை இருக்கிறது பாருங்கள். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தெய்வசிகாமணி என்னை விட நாலு மாதம் பெரியவன். சோபாவில் இடது தாளை ஒரு பக்கமும் வலது தாளை ஒரு பக்கமும் சாய்த்து வைத்துவிட்டு, "எடுத்துக்கோடா இளையவனே" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நிறத்தை எண்ணினேன்.

சிவன் தாளில் ஆறே நிறம். வெள்ளை விபூதி, செங்கல் சிவப்பு, அவ்வளவுதான், பாதிக்கு மேல் வெறும் தாள். எமன் தாளில் பதினோரு நிறம்! எருமையின் முதுகுக்கு மட்டும் மூன்று நீலம். எமன் கையில் ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டிருந்தாள் அந்தப் பெண், அதற்கு முள்ளே கிடையாது. "எப்ப வேணா வருவார்னு அர்த்தம் தாத்தா" என்று சிரித்தாள். கண்ணில் கடைசியாக வைத்த வெள்ளைப் புள்ளி, அதுதான் பதினோராவது நிறம். பதினோரு தடவை ரப்பர் கட்டை இழுத்த தாளை விட்டுவிட்டு ஆறு தடவை இழுத்ததை எவனாவது எடுப்பானா? பட்டுப் புடவையை ஜரிகை எடை பார்த்து வாங்குகிற மாதிரி, நான் எமனை எடுத்துக்கொண்டேன். தெய்வசிகாமணி சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவன். ஆயுள் முழுக்க எமனைக் காட்டித்தான் சோறு தின்றேன். "எமன் எந்தப் பக்கம் வருவான்னு தெரியாது சார், ஆனா கையெழுத்து இந்தப் பக்கம் போடுங்க." இதுதான் என் வசனம். எத்தனை பேர் வெலவெலத்துப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! என் தொழில் கூட்டாளிதானே, எனக்கு என்ன பயம் என்று கொண்டுபோய் ஹாலில் மாட்டினேன்.

அங்கே ஆரம்பித்தது.

கயிறு தாளின் வலது ஓரத்தில் போய் முடிகிறது அல்லவா? முடிவது தாள்தானே ஒழியக் கயிறு இல்லை. கயிறு எறிந்தாகிவிட்டது. யார் மேலாவது விழுந்துதானே தீர வேண்டும்? வலது பக்கம் சுவர்க் கடிகாரம் இருந்தது. மறு வாரம் நின்றுவிட்டது. செங்கமலம் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பேட்டரி மாற்றினாள், ஓடியது. "இதானா உங்க எமன்?" என்றாள். பேட்டரி போட்டால் ஓடத்தான் செய்யும். நின்றதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சரி என்று கழற்றிச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் மாட்டினேன். வலது பக்கம் ஃப்ரிட்ஜ். ஒரு நாள் காலையில் பார்த்தால், பாவம், கிடக்கிறது. மூச்சு இல்லை. உள்ளே இட்லி மாவு பொங்கி வழிந்து, அதற்கு வாய்க்கரிசி போட்ட மாதிரி இருக்கிறது. மெக்கானிக் வந்தான், பின்னால் தட்டிப் பார்த்தான். "இதுக்கு வயசு பதினாறு ஆகுது சார், இதுக்கு மேல எங்க ஓடும்?" என்றான்.

பதினாறு! பதினாறு, தம்பி! மார்க்கண்டேயன் வயசு!

அதற்குப் பிறகு சமையலறைச் சுவரில் மாட்டினேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது, அதற்காகத்தான், வேறு எந்த எண்ணமும் இல்லை. வலது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை. அந்தப் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி புருஷோத்தமனின் பாத்ரூம். அவருக்கும் எனக்கும் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சமையலறைக் குழாய் கசிந்து அவர் பாத்ரூம் தரையில் தண்ணீர் நிற்கிறதாம். "சரி பண்ணுங்க சார், சரி பண்ணுங்க சார்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். செய்யலாம், செய்யலாம் என்றேன். என்ன அவசரம்?

படம் மாட்டின அதே வாரம். மனுஷன் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "எப்படி விழுந்தீங்க?" என்றேன். "வழுக்கிடுச்சு சார், தண்ணி!" என்றார். "கயிறு மாதிரி ஏதாவது காலைப் பிடிச்சு இழுத்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். பாருங்கள், அவர்களுக்கு அவரை இழுத்தது யார் என்றே தெரியாது! தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! எனக்குத்தான் தெரியும். அந்த ரகசியத்தை மனசில் வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும். ஆப்பிளில் ஒன்றை நானே தின்றேன், அவ்வளவு படபடப்பு.

இதுவரைக்கும்கூட எனக்கு மற்றவர்களுக்காகத்தான் பயம். எனக்காகப் பயந்தது அதற்குப் பிறகுதான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் என் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள், சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் படத்தைக் கழற்றி, என் சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே வைத்தேன். நேர் எதிரே, இடமும் இல்லை, வலமும் இல்லை, யாருக்கும் ஆபத்து இல்லை என்று கணக்குப் போட்டேன். மத்தியானம். செங்கமலம் சீட்டுப் பணம் கட்டப் போயிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து என் மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கிறேன். படத்துக்கு மேல் கண்ணாடி போட்டிருக்கிறது அல்லவா? கண்ணாடியில் என் முகம் தெரிகிறது. முகத்துக்குக் கீழே கழுத்து. கழுத்தில் மஞ்சளாகக் கயிறு.

நான் அசைந்தேன். கண்ணாடிக்குள் இருந்தவனும் அசைந்தான். கயிறு அசையவில்லை. தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் சுருக்கு இறுகுகிற மாதிரி இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எச்சில் விழுங்கப் பயம். எமன் கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளி என்னையே பார்க்கிறது. கதவைத் திறந்துகொண்டு செங்கமலம் வந்து, "என்ன, மூஞ்சி வெளிறிக் கிடக்கு? சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிற வரைக்கும் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, தம்பி. இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

அன்றைக்கே சட்டத்தை உடைத்து, படத்தை எடுத்துச் சுருட்டிக் குழாயில் போட்டேன்.

எங்கள் தெருக் கோடியில் சிவன் கோயில். குருக்களிடம் போய்க் கேட்டேன். "வீட்டுல எமன் படம் வெக்கலாமா சாமி?" அவர் சொன்னார்: "காலசம்ஹாரத்துல எமன் இல்லாமலா? உதை வாங்கிண்டு கீழே கிடப்பாரே, அவர் பாட்டுக்குக் கிடக்கட்டும்." நான் சொன்னேன்: "சாமி, இவர் கீழே கிடக்கலை. எருமை மேல நிக்கறார். கயிறு எறிஞ்சாச்சு. சிவன் வேற வீட்டுல இருக்கார்." குருக்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "உதை வாங்கின எமன் வேற, உதைக்கு முந்தின எமன் வேற ஓய். ஸ்வாமியை விட்டுப் பிரிச்சு அவரை மட்டும் எவனாவது ஆத்துக்கு அழைச்சிண்டு வருவானா?" என்றார். எனக்கு விபூதிகூட எட்ட நின்றுதான் போட்டார்.

அப்போதுதான் எனக்குத் தெய்வசிகாமணியின் சிரிப்புக்கு அர்த்தம் புரிந்தது.

அட்டைக் குழாயோடு பொற்கொடியிடம் ஓடினேன். ஷெட்டில் பம்பு வைத்து ஏதோ வலையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, எனக்கு மட்டும் ஒரு சிவன் அடிச்சுக் குடு."

"ஸ்க்ரீன் எல்லாம் கழுவியாச்சு தாத்தா. திரும்பப் பண்ணி அடிச்சேன்னா மத்தவங்க என்னைச் சும்மா விட மாட்டாங்க."

"சிவனையா கழுவி விட்டுட்டே?"

"எமனையும்தான் கழுவினேன்."

"அவன் போகலையே அம்மா, என் வீட்டுல நிக்கிறானே!"

விஷயத்தைச் சொன்னேன். நல்ல பெண். கையைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு பயமா இருந்தா, வலது ஓரத்துல ஒரு பட்டை வெட்டிடலாம் தாத்தா. கயிறு எமன் கையோட நின்னுடும். நானே நேரா வெட்டித் தர்றேன்" என்றாள்.

வெட்டுவதா! ஓரம் வெட்டின பிரதியை எவன் மதிப்பான்? அந்த ஓரத்தில்தானே அவள் கையெழுத்தும் ஐந்தாம் எண்ணும் இருக்கிறது! குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உயிர் போகிற விஷயத்தில் எப்படியெல்லாம் யோசனை சொல்கிறார்கள் பாருங்கள்.

பிறகு மானத்தை விட்டு தெய்வசிகாமணி வீட்டுக்கே போனேன். தம்பி, அவனைப் பார்க்க வேண்டும் நீங்கள்! என்னை விட மூத்தவன். மொட்டைத் தலையில் முடி முளைத்திருக்கிறது. கரும்பைக் கடித்துத் தின்கிறான். காது மட்டும் மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவான். மற்றபடி சிவன் அவனைப் பதினாறிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "பதினோரு கலருன்னு நீதானேடா எண்ணி எடுத்தே? அனுபவி!" என்றான். சேர்த்து ஒரே இடத்தில் வைக்கலாம் என்றேன். "என் படத்துக்குப் பக்கத்துலயா?" என்றான். என் படம்! இன்னும் அதே பேச்சு!

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அவன் மருமகள் நல்லவள். மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னாள்: "மாமா இப்பல்லாம் அந்த ரூம்ல தனியா இருக்கறதே இல்லை அங்கிள். 'கயிறு வருது, கயிறு வருது, ஆளைக் காணோமே'ங்கறார். தினம் ஸ்கேல் வெச்சு அளக்கறார். கயிறு நீளுதுன்னு சொல்றார்."

நீளுகிறதாம்! எனக்கு முருங்கைக்காய்ப் பை கையை விட்டு விழுந்துவிட்டது. ஏனென்றால் நானும் அளந்துகொண்டுதான் இருந்தேன். செங்கமலம் ஜாக்கெட் தைக்கிற டேப்பால். என் பக்கம் கயிறு குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். முதலில் ஒரு சாண். பிறகு நாலு விரல். இன்றைக்குக் காலையில் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நுனியைப் பிரித்து அளந்தேன். என்ன அளவு என்று சொல்ல மாட்டேன், உங்கள் மனசு கஷ்டப்படும். எமன் கயிற்றை இழுக்கிறான், தம்பி. சுருட்டிக்கொண்டிருக்கிறான். கயிற்றின் அந்த முனையில் யாரோ மாட்டியாகிவிட்டது என்றால்தானே இழுப்பான்? தெய்வசிகாமணி வீட்டில் நீளுகிறது, என் வீட்டில் குறைகிறது. இழுத்தால் குறையும், சரி. அங்கே ஏன் நீளுகிறது? அது எனக்குப் புரியவில்லை. புரியாததுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

அவனுக்கு எதற்குப் பயம் என்பதும் எனக்குப் புரியவில்லை. சிவனே பக்கத்தில் இருக்கும்போது! பணக்கொழுப்பு, வேறென்ன. படத்தைத் தூக்கித் தர்ம காரியத்துக்கு என்று இந்த ஏலத்துக்குக் கொடுத்துவிட்டான். எனக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அதனால்தான் வந்திருக்கிறேன். குழாயோடு வந்திருக்கிறேன், பாருங்கள். சிவனை ஏலத்தில் எடுத்தவுடனே இதே ஹாலில் தரையில் விரித்து இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்குப் போகிற வரைக்கும்கூடத் தாங்காது. காலையில் செங்கமலத்திடம் சொன்னேன், "நான் திரும்பி வராமப் போனாலும் போவேன்." அவள் சொல்கிறாள்: "வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க." அவளுக்கு எங்கே புரியப் போகிறது?

இதுதான் கதை. கதை இல்லை, நடந்தது. இனி உங்கள் இஷ்டம். இந்தச் சிவன் வேண்டுமா உங்களுக்கு, இவ்வளவு கேட்ட பிறகும்? அந்தக் கயிறு உங்கள் வீட்டிலும் நீளும். உங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கும். யோசியுங்கள். நான் யாரையும் பயமுறுத்துகிறவன் இல்லை, உள்ளதைச் சொல்கிறவன்.

என்ன? என்ன சொன்னீர்கள்?

இந்தக் குழாயையும் உங்களிடமே கொடுத்துவிடவா?

ஓ... இரண்டையும் நீங்களே வைத்துக்கொண்டு... ஒரே சுவரில், பக்கம் பக்கமாக... கயிறும் சேர்ந்துவிடும், உதையும் விழுந்துவிடும். எமன் உங்கள் பொறுப்பு. நான் இந்த வாசல் வழியாக வெறுங்கையோடு இறங்கிப் போய்க் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நியாயம்தான். நியாயமான யோசனைதான். எனக்கு ஏன் தோன்றவில்லை? அடேயப்பா, என் தொழிலில் உங்களைப் போல ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. எமனைத் தன் பேருக்கு மாற்றி எழுதிக்கொள்கிறேன் என்று தானே வந்து கேட்கிற ஆள்! இந்தாருங்கள். எடுத்துக்கொள்ளுங்கள். மகராஜனாக இருங்கள்.

இருங்கள், இருங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மூடியைத் திறந்து காட்டிவிடுகிறேன். என்ன வாங்குகிறீர்கள் என்று நீங்கள் பார்க்க வேண்டாமா? இதோ, நுனி மட்டும். எருமை முதுகு. பாருங்கள் இந்த நீலத்தை. அடியில் ஒரு நீலம், அதன் மேல் ஒரு நீலம், அதற்கு மேல் விடியற்காலை மாதிரி ஒரு நீலம். கையை வைத்தால் ஈரமாக இருக்கும் போலத் தோன்றுகிறது அல்லவா? ஒரு மயிரிழை நகரவில்லை. பதினோரு தடவை, தம்பி. பதினோரு தடவை இந்தத் தாள் படுத்து எழுந்திருக்கிறது. ஒன்பதில் ஐந்தாவது. அந்த வலைகளெல்லாம் போய்விட்டன. இனி உலகத்தில் ஒருத்தனும்...

கையை எடுங்கள்.

கையை எடுங்கள் என்கிறேன். கொடுக்கிறேன் என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. இப்போதே என்று சொன்னேனா? இழுக்காதீர்கள், ஓரம் மடங்கிவிடும்! எனக்குத் தெரியும் உங்கள் தந்திரம். கிழவன் பயந்திருக்கிறான், பதினோரு நிறத்தைச் சும்மா தட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறீர்கள். இதோ, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். இப்போது பிடுங்குங்கள் பார்க்கலாம். எமனே வந்தாலும் பிடுங்க முடியாது.

மைக்கில் ஏலக்காரர் என்ன சொல்கிறார்? எந்தப் படம்? எங்கள் படமா? யாரோ கை தூக்கிவிட்டார்களே... அது யார் கை? உங்கள் கையா! இறக்குங்கள் தம்பி! இவ்வளவு சொல்லியும்! ஐயா, ஏலக்காரரே, நானும் இருக்கிறேன், நானும் கேட்கிறேன்... கை தூக்க வேண்டுமா? தூக்குகிறேன், தூக்கத்தான் போகிறேன், ஆனால் ஒரு கையை எடுத்தால் இவர் இதைப் பிடுங்கிக்கொள்வார். கீழே வைத்தால் உருளும், யார் பக்கம் உருளுமோ. யாராவது இதைக் கொஞ்சம் பிடியுங்களேன்... வேண்டாம், யாரும் தொடாதீர்கள்...

சுத்தியலைத் தட்டிவிட்டாரா?

முடிந்துவிட்டதா?

என்ன, அந்தப் படத்தைப் பார்க்கிறீர்கள், திரும்பி என்னைப் பார்க்கிறீர்கள், மறுபடி படத்தைப் பார்க்கிறீர்கள்? அந்தப் பையனிடம் என்ன கண்டீர்கள், என்னிடம் என்ன கண்டீர்கள்? சிரிப்பை நிறுத்துங்கள். சுத்தியல் சத்தத்துக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன், அவ்வளவுதானே?

உஷ். வாசலைப் பாருங்கள். வருகிறான். தெய்வசிகாமணி. தலை முடியைப் பார்த்தீர்களா, பொய்யா சொன்னேன்? இந்தப் பக்கம் பார்க்காதீர்கள், பார்த்தால் கூப்பிடுவான். குழாயின் மூடி எங்கே? திறந்தே கிடக்கிறதே. மூடி, மூடி... உங்கள் நாற்காலிக்குக் கீழே...

"டேய் நடனசபாபதி! நங்கநல்லூர் நடனசபாபதி! நாலாவது மாடியில இருந்து எப்படா இறங்கி வந்தே?"

ஐயோ. பேர், ஊர், மாடி எல்லாம் சொல்லிவிட்டானே. மூடி திறந்திருக்கும்போதே சொல்லிவிட்டானே!

திரும்பாதீர்கள். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை. தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிட முடியவில்லை, கும்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சிவன் உங்களிடம் வந்துவிட்டார், இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. என்றைக்காவது ஒருத்தர், கறுப்பாக, முள்ளில்லாத கடிகாரம் கட்டிக்கொண்டு வந்து, என் கயிற்றைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று கேட்டால், யாரோ ஒரு கிழவர் என்று மட்டும் சொல்லுங்கள். ஊர் தெரியாது, மாடி தெரியாது என்று சொல்லுங்கள். பேர் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. நான் சொல்லவே இல்லையே, தம்பி. அவன்தானே சொன்னான்.